நடுக்கோடு என்னுடையது

பட்டறைப் பிள்ளைகள் நாலு பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். சீமையிலிருந்து புதிதாக வந்திறங்கும் டப்பாச் சாயத்தைப் பழைய பளபளப்பின் மேல் தேய்க்காமலே பூசலாம் என்று கடைக்காரன் சொன்னானாம். இவர்களும் நம்பிப் பூசியிருக்கிறார்கள். ஆறே மாதத்தில் ஜெலுத்தோங்கில் ஒரு கடைப்பலகை முழுக்கச் சாயம் பொருக்குத் தட்டி, காற்றடித்தால் சாப்பாட்டுத் தட்டில் வந்து விழுகிறதாம். “தேய்ப்பு வேலையைப் பத்தி ஒரு கட்டுரை எழுதிக் குடுங்கண்ணே. உங்களை விட்டா பினாங்குல அது தெரிஞ்ச ஆள் யாரு?” என்றார்கள்.

கடைசி வாக்கியம் எனக்கு இனித்தது. அதற்காகவே ஒப்புக்கொண்டேன். ஆனால் எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, தேய்ப்பைப் பற்றி எழுதினால் தங்கராசுவைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அவன் பெயரை என் வாயால் சொல்லிப் பத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. இப்போதுகூட மையைத் தொட்டுத் தொட்டு வைத்துவிட்டு, இந்த வரிக்கு வர அரைமணி நேரம் ஆனது.

சூலியா தெருவில் எங்கள் மேஸ்திரியின் பட்டறை. கடைப்பலகை, குதிரை வண்டி, பெரிய மனிதர்களின் உருவப்படம் என்று எண்ணெய்ச் சாயம் படும் எல்லா வேலையும் அங்கே நடந்தது. கப்பலில் வந்து இறங்கிய நான் நான்கு வருடம் சாயம் அரைத்தேன், அதன்பின் தேய்ப்புக்கு மாறினேன். என் படிப்பு அவ்வளவுதான். மேஸ்திரி அதிகம் பேச மாட்டார். வேலை பார்க்க வந்தால் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முகத்தைப் பலகைக்கு அருகில் கொண்டுபோய், பக்கவாட்டில் வெளிச்சம் ஓடுவதைப் பார்ப்பார். பிறகு விரல் முட்டியால் சட்டத்தைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் மறுபடி செய். இரண்டு தட்டு என்றால் சரி. திட்டு, பாராட்டு, புத்திமதி எல்லாம் அந்த முட்டிக்குள் அடக்கம். தேய்ப்புக்கு வந்த எட்டு வருடத்தில் எனக்கு இரண்டுக்கு மேல் விழுந்ததே இல்லை.

தேய்ப்பு என்றால் என்ன? நன்றாகக் காய்ந்து வார்னிஷும் ஏறிய எண்ணெய்ச் சாயம் கண்ணாடி மாதிரி. கண்ணாடியில் சுண்ணாம்பு அடித்தால் நிற்குமா? அதன் மேல் புதுச் சாயம் ஏற வேண்டுமானால் முதலில் பிசுக்குப் போக வேண்டும், பிறகு பளபளப்புப் போக வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் பிசுக்கையும் சேர்த்துத் தேய்த்துச் சாயத்துக்குள்ளேயே ஏற்றிவிடுவாய். நான் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் துணியை நனைத்து, பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுப்பேன். அப்புறம் வெறும் தண்ணீர். காய்ந்ததும் டர்பன்டைன் தொட்ட துணி. ஒரு மடிப்பில் ஒரு இழுப்புத்தான், அடுத்த இழுப்புக்கு வேறு மடிப்பு. அழுக்கு மடிப்பாலேயே திரும்பத் துடைக்கிறவன் எண்ணெயை எடுப்பதில்லை, ஊர்வலம் விடுகிறான்.

பிசுக்குப் போனபின் கணவாய் மீன் ஓடு. பாசாரில் மீன்காரர்கள் தூக்கி எறிவதைப் பொறுக்கி வந்து, வெயிலில் காயவைத்து இடித்து, மல்துணியில் சலித்து வைத்திருப்பேன். வண்டிகளுக்கு நுரைக்கல், முகங்களுக்குக் கணவாய் ஓடுதான். ஈரத்துணிச் சுருளில் அந்தப் பொடியைத் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாக, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். படம் கித்தானில் இருந்தால் பின்பக்கம் ஒரு அட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். பளபளப்புத்தான் போக வேண்டும், படம் போகக் கூடாது. கழுவிக் காயவிட்டு, வெட்டிய பூண்டுப் பல்லால் மேலே ஒரு தடவு. அந்தச் சாறு காய்ந்த இடத்தில் சாயம் வழுக்காமல் பிடிக்கும். என் விரலில் பூண்டு வாடை போனதே இல்லை. என் மனைவி என்னை மணந்த நாளிலிருந்து ரசம் கொதிக்கிற அடுப்போடு குடித்தனம் நடத்துவதாகச் சொல்வாள்.

கடைசியாக ஊதிப் பார்ப்பது. வாயை அகலத் திறந்து மெதுவாக மூச்சு விட வேண்டும். ஆவி ஒரே சீராகப் படர்ந்து ஒரே சீராக மறைந்தால் வேலை முடிந்தது. ஒரு இடத்தில் மட்டும் முத்து முத்தாக நின்றால் அங்கே எண்ணெய் இருக்கிறது.

எங்கள் பட்டறையில் ஒப்படைப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. தேய்த்தவன் ஊதிக் காட்டிவிட்டுச் சட்டத்தின் பின்னால் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுவான். தீட்டப் போகிறவன் தானும் ஊதிப் பார்த்து, அதன் குறுக்கே இன்னொரு கோடு போடுவான். அந்த நொடியிலிருந்து பொறுப்பு தீட்டுகிறவனுடையது. மேலே வெள்ளைத் துணி போர்த்திவிடுவோம். பிறகு மறுபடி ஊதிப் பார்க்கும் வழக்கம் கிடையாது. அப்படி ஊதினால் தேய்த்தவனைப் பொய்யன் என்று சொன்ன மாதிரி.

இப்படி நான் தேய்த்து வைத்ததன் மேல் தீட்டுவதற்குத்தான் நாகப்பட்டினத்திலிருந்து தங்கராசு வந்தான். என்னைவிட ஆறு வயது இளையவன். வந்த வாரமே ஒரு துணிக்கடைப் பலகையில் மயில் வரைந்தான். மேஸ்திரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்று! எட்டு வருடம் நான் தேய்த்த தேய்ப்பில் என் கைரேகையே அழிந்துவிட்டது. இவன் நேற்று வந்தவன். அன்றிலிருந்து அவன் செய்வதெல்லாம் எனக்கு எரிச்சல். அவன் சாப்பிடும்போது பாடுவது எரிச்சல். பிரஷைக் காதில் செருகுவது எரிச்சல். சாயத்தில் தாராளமாக ஆளிவிதை எண்ணெய் ஊற்றி வெண்ணெய் மாதிரி குழைப்பான். “டேய், சாயத்துக்குத் தலைமுழுக எண்ணெய் வைக்கிறியா?” என்று மேஸ்திரிகூடக் கேலி செய்வார். ஆனால் அந்த எண்ணெயால்தான் அவன் தீட்டிய கன்னங்களில் ரத்தம் ஓடுவது தெரிந்தது.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். யாராவது புகழ்ந்தால் என்னைக் கைகாட்டுவான். “அண்ணன் தேய்ச்ச தேய்ப்புலா. அதான் நிக்குது.” அதைக் கேட்டு எல்லாரும் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுபடி அவன் படத்தைத்தான் பார்ப்பார்கள். அவன் தூக்கிப்போட்ட பங்கைச் சாப்பிடுகிறவனாக நான் நிற்பேன்.

முதல் உலகச் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மேஸ்திரி ஊருக்குத் திரும்பும் முடிவில் இருந்தார். பட்டறையை யார் கையில் கொடுப்பார் என்பதுதான் எங்கள் பேச்சு. அந்தச் சமயத்தில் பினாங்குத் தெருவில் ஒரு செட்டியாரின் வட்டிக்கடைக் கிட்டங்கியிலிருந்து, அதை நடத்தும் மேலாள் ஆள் அனுப்பினார். அங்கே முன் கூடத்தில் பெரிய செட்டியாரின் படம் தொங்கியது. பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு போட்டோவைப் பார்த்து எங்கள் மேஸ்திரியே வரைந்தது. வெள்ளைக்காரன் ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ, நெற்றி வெறுமையாக இருந்தது. அவர் உயிரோடு இருந்தவரை அது யாருக்கும் உறுத்தவில்லை. அவர் காலமான பிறகு ஊரிலிருந்து அவர் மனைவியான ஆச்சி கடிதம் எழுதிவிட்டார். வெறும் நெற்றியோடு படம் தொங்கக் கூடாது, திருநீறு மூன்று பட்டை தீட்டியாக வேண்டும், அதுவும் திதிக்கு முன்னால்.

மேஸ்திரி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “நீ தேய். நீ தீட்டு. இது நின்னா நான் நிம்மதியாக் கப்பல் ஏறுவேன்” என்றார். யாரைப் பார்த்து நிம்மதி என்று எனக்குத் தெரியும். நீ தீட்டு என்றபோது அவர் குரல் இளகியிருந்தது.

மூன்று பட்டை. மூன்று நேர்கோடு. அதைக்கூட எனக்குத் தரக்கூடாதா?

அந்த நெற்றியை நான் நான்கு நாள் தேய்த்தேன். வேலை கடினம், காரணம் கிட்டங்கியின் சமையல்காரர் வைரவன். வெறும் நெற்றி பொறுக்காமல், பெரியவர் போன நாளிலிருந்து தினமும் விளக்கேற்றும்போது படத்துக்குக் குங்குமம் வைத்து வந்தார். வழுவழுப்பான வார்னிஷில் குங்குமம் நிற்காது. அதனால் விரலை விளக்கு எண்ணெயில் தொட்டுக் குழைத்து வைப்பார். நெற்றி நடுவில் தேங்காயெண்ணெய் ஊறி ஒரு வட்டமே விழுந்திருந்தது. அதைப் போக்க மட்டும் இரண்டு நாள். வியாழக்கிழமை பிற்பகல் ஊதினேன். ஆவி பால் மாதிரி சீராகப் படர்ந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு தேய்ப்பு நான் செய்ததில்லை. தங்கராசு ஊதிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது மேல தீட்டவே மனசு வரல” என்று சொல்லிக் குறுக்குக் கோடு போட்டான். துணி போர்த்தினோம். ஞாயிறு காலை நல்ல நேரத்தில் தீட்டுவதாக ஏற்பாடு. அதுவரை யாரும் தொடக் கூடாது என்று வைரவனிடம் இரண்டு தடவை சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை, மறந்து வைத்துவிட்ட கணவாய் ஓட்டுப் பொடிச்சம்புடத்தை எடுக்கக் கிட்டங்கிக்குப் போனேன். கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வைரவன் துணியை விலக்கிவிட்டு, விரலை விளக்கில் தொட்டு, குங்குமத்தில் தொட்டு, பெரியவர் நெற்றி நடுவில் வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. திரும்பினார். வாசலில் நான்.

“ஐயையோ, கைப்பழக்கம் தம்பி!” என்று தோள் துண்டை எடுத்து அவசர அவசரமாகத் துடைத்தார். குங்குமம் போய்விட்டது. “ஒண்ணும் ஆகலையே? மேலாளுக்குத் தெரிஞ்சா என்னை அடுத்த கப்பல்ல ஏத்திடுவாக. சொல்லிடாதிய.”

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஊதினேன். நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு முத்து முத்தாக நின்றது.

பூந்திக்கொட்டைத் தண்ணீரும் பூண்டும் போதும், ஒரு மணி நேர வேலை. சம்புடம் கையிலேயே இருந்தது. வைரவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் சட்டத்தில் அந்தக் குறுக்குக் கோடு இருந்தது. பொறுப்பு தங்கராசுவுடையது. என் மனசு அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டது.

“ஒண்ணும் ஆகல. நான் எதையும் பாக்கல” என்று சொல்லி, துணியை நானே இழுத்து மூடிவிட்டு வந்தேன்.

ஞாயிறன்று அவன் தீட்டினான். வழக்கப்படி மறுபடி ஊதிப் பார்க்கவில்லை. அவ்வளவு மரியாதை என் மேல். வெள்ளையில் ஒரு துளி சாம்பல் கலந்து, மூன்றே இழுப்பு. நெற்றி எங்கே உருண்டு காதுப் பக்கம் திரும்புகிறதோ அங்கே கோடும் கூடவே மங்கித் திரும்பியது. இப்போதுதான் கோயிலிலிருந்து வந்து உட்கார்ந்தவர் போலப் பெரியவர் இருந்தார். மேலாள் செட்டியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மேஸ்திரி மூன்று தட்டு தட்டினார்.

இடையில் தைப்பூசம் வந்தது. பட்டறையே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனது, நானும் போனேன். சந்நிதியில் நின்றபோது என்ன கேட்பது என்று தெரியவில்லை. நிற்கட்டும் என்று கேட்க வாய் வரவில்லை, உரியட்டும் என்று கேட்கப் பயம். ஒன்றும் கேட்காமல் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு இறங்கினேன்.

திதியன்று படத்துக்கு மாலை போட்டார்கள். ஏற்றும்போது மாலை நெற்றியில் உரசியது. நடுப்பட்டையிலிருந்து ஒரு வில்லை கழன்று நேராகக் கீழே திருநீற்றுத் தட்டில் விழுந்தது. பெரியவர் நெற்றியிலிருந்து திருநீறு உதிர்ந்துவிட்டது, அதுவும் திதியன்று! கும்பிட வந்தவர்கள் பின்வாங்கினார்களாம். மேலாள் அன்றே எங்களைக் கூப்பிட்டனுப்பினார்.

மேஸ்திரி அந்த இடத்தைப் பார்த்தார். தங்கராசுவும் பார்த்தான். அவன் முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் கண் வேலை செய்தது.

“அண்ணே, வட்டமா உரிஞ்சிருக்கு பாருங்க. ஒரு விரல் அளவு. தீட்டினதுல கோளாறுன்னா கோட்டோட போக்குல உரியணும். யாரோ தொட்டிருக்காங்கண்ணே. நீங்க பாத்துச் சொல்லுங்க.”

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். “தேய்ப்பு விஷயத்துல உன் வாய்தான் கோர்ட்டு. சொல்லு.”

வைரவன் சமையலறை வாசலில் நின்றிருந்தார். அவருக்காவது வேலை போய்விடும் என்ற பயம். எனக்கு என்ன?

நான் குனிந்து அந்த வட்டத்தைப் பார்த்தேன், தெரியாதவன் மாதிரி விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு சொன்னேன். “தொட்ட மாதிரி தெரியல மேஸ்திரி. மேல்சாயத்துல எண்ணெய் கூடிப்போச்சு. பிடிக்காம மேலேயே மெதந்திருக்கு. இவன் எப்பவும் எண்ணெய் கூடத்தான் வைப்பான்.”

ஒருவேளை அவன் சண்டை போட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன். அவன் அந்த வட்டத்தைத் தொட்டுப் பார்த்தான். “அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். மேஸ்திரியும் எத்தனை தடவை சொன்னாரு. நான்தான் கேக்கல” என்றான்.

மேஸ்திரி சட்டத்தை ஒரு தட்டு தட்டினார். அவனுக்கு விழுந்த முதல் ஒற்றைத் தட்டு. எத்தனை நாள் நான் ஆசைப்பட்டுக் காத்திருந்த சத்தம் அது.

அவனை யாரும் வெளியேற்றவில்லை. வெட்கத்தில் அவனே போனான். தீவின் மறுபக்கம் பாலிக் புலாவில் அவன் அக்காள் புருஷன் ஜாதிக்காய்த் தோட்டத்தில் இருந்தார், அங்கே. நடுப்பட்டையைச் சரிசெய்யும் வேலை என்னிடம் வந்தது. மூன்றையும் சுரண்டிவிட்டு மூன்றும் என்னுடையதாகத் தீட்ட நினைத்தேன். நடுப்பட்டையில் மீதியிருந்ததை எப்படியோ எடுத்துவிட்டேன். மேலும் கீழும் இருந்த இரண்டும் அசையவில்லை. கத்தி வைத்தால் நெற்றியே சேர்ந்து வரும் போலிருந்தது. அவ்வளவு நன்றாக நான் தேய்த்திருந்தேன்! என் வாழ்நாளின் மிகச் சிறந்த தேய்ப்பு அவனுடைய இரண்டு கோடுகளை அங்கே கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது.

நடுவில் ஒன்றுதான் என்னுடையது. அது உரியவில்லை, இன்றுவரை நிற்கிறது. கண் உள்ளவர்கள் போய்ப் பார்க்கலாம். மேல்கோடும் கீழ்க்கோடும் நெற்றியோடு வளைந்து போகும். நடுக்கோடு அளவுகோல் வைத்து இழுத்தது போல அப்படியே நிற்கும். எதிரிக்குச் சகுனத்தடை என்று மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை கேட்டிருப்பீர்கள். அறுத்த மூக்கை அந்தக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். மேஸ்திரி கப்பல் ஏறும்போது பட்டறையை எனக்குக் கொடுத்தார். வேறு ஆள் இல்லையே.

நான்கைந்து வருடம் கழித்து ஒரு வேலையாகப் பாலிக் புலாவுக்குப் போனேன். ஜாதிக்காய்க் கடை ஒன்றின் பலகையில் மயில். பார்த்ததும் யார் கை என்று தெரிந்துவிட்டது. ஆனால் நிறம் வெளுத்து, சுண்ணாம்பு பூத்துக் கிடந்தது. விரலால் தடவினேன், பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. எண்ணெய் போதாத சாயம் வெயிலில் அப்படித்தான் பொடிந்துபோகும்.

“அண்ணே!” என்று ஒரு குரல். ஏணியோடு அவனே வந்துகொண்டிருந்தான். கோப்பிக்கடையில் உட்காரவைத்தான். குடும்பம், பிள்ளைகள் எல்லாம் விசாரித்தான். பிறகு சொன்னான்.

“நீங்க அன்னைக்குச் சொன்னதுக்கப்புறம் எண்ணெயைத் தொடறதே இல்லண்ணே. வெறும் டர்பன்டைன்லதான் கலக்கறேன். ஒண்ணும் உரியல. ஆனா என்னன்னு தெரியல, வருசத்துக்குள்ள வெளுத்துப்போவுது. கடை வச்சிருக்கற தவுக்கே எல்லாம் ரெண்டாவது தடவை கூப்பிட மாட்டேங்கறாங்க. இந்த ஊரு வெயில் அப்படிலா.”

எண்ணெய் ஊற்று என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. எதிரே பலகையில் அந்த மயில். பாதி நிறம் போயிருந்தும் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. தெருவில் போன ஒரு சீனக் கிழவி சுமையை இறக்கிவைத்துவிட்டு நின்று அதைப் பார்த்துவிட்டுப் போனாள். என் பலகை எதன் முன்னாலும் யாரும் நின்றதில்லை. என் சாயம் வெளுத்ததும் இல்லை.

“ஆமா, வெயில்தான்” என்று சொல்லிவிட்டுக் கோப்பியைக் குடித்தேன்.

பிள்ளைகளே, நீங்கள் கேட்ட தேய்ப்பு முறை மேலே இருக்கிறது. ஒன்றும் மறைக்கவில்லை. ஒப்படைத்த பிறகும் ஊதிப் பாருங்கள் என்பதை மட்டும் நானாகச் சேர்க்கிறேன். தேய்த்தவன் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

இதில் ஒரு பிரதியைப் பாலிக் புலாவுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவன் தமிழ் நன்றாகப் படிப்பான். படித்துவிட்டு மறுபடி பழைய மாதிரி குழைக்க ஆரம்பித்தால், ஒரே வருடத்தில் ஜார்ஜ் டவுனில் என் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். இந்த வயதிலும் அந்த நினைப்பில் வயிறு எரிகிறது, மறைப்பானேன். பேனாவை இரண்டு தடவை கீழே வைத்துவிட்டேன்.

தங்கராசு, வைரவனின் விரலை நான் பார்த்தேன். உன் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. எண்ணெய் ஊற்று.